புதுத் தரைக்குக் கீழே

குன்னூர் மலைச்சரிவில் ஒரு பழைய வீடு இருந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. சுவர் கல், கூரை ஓடு, தரை மட்டும் மரம். அந்தத் தரை இரண்டு அடுக்காக இருந்தது. மேலே ஆட்கள் நடமாடும் பலகைகள். அவற்றின் அடியில், யார் கண்ணிலும் படாமல், அயினி மரத்தில் அறுத்த அடிப்பலகைகள். அடிப்பலகைகளை உத்திரங்கள் தாங்கின. உத்திரங்களுக்குக் கீழே ஒரு முழ இருட்டு. அதற்கும் கீழே மண்.

அடிப்பலகைகளில், வாசல் இருக்கும் தோட்டத்துச் சுவரிலிருந்து எண்ணினால் ஏழாவதாக வரும் பலகைக்கு இருப்புக் கொள்ளாது. மேலே யாராவது நடந்தால் போதும், கிரீச் என்று கத்திவிடும். பக்கத்துப் பலகைகளுக்கு அது பெரிய மானக்கேடு.

"எண்பது வருஷமாக நாங்களும்தான் கிடக்கிறோம். எங்கள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்திருக்குமா?" என்று கேட்டது ஆறாவது பலகை.

"கீழே ஏதோ சரியில்லை. நாலு வருஷமாக எனக்கு அடியில் ஈரம் அடிக்கிறது. நான் ஆணியடித்து உட்கார்ந்திருக்கும் இடம் இளகிக்கொண்டே போகிறது. உங்களுக்குத் தெரியவில்லையா?"

"எங்களுக்கு எதுவும் தெரியவில்லை."

அப்போது கீழேயிருந்து ஒரு கனத்த குரல் வரும். அது, ஏழாவது பலகையைத் தாங்கிய உத்திரத்தின் குரல்.

"சத்தம் போடாதே. நான் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறேன்?"

"தாங்குகிறாய் அண்ணே. ஆனால் உன்னிடமிருந்து தூள் உதிர்கிறது."

"அது பழைய தூசி."

உத்திரம் அப்படிச் சொன்ன பிறகு பலகை பேசாது. அடுத்த காலடி விழும்வரைதான் அந்தப் பேசாமை.

அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். எஸ்தர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கணவர் தியோடர், தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழாவது பலகைக்கு இருவரின் நடையும் அத்துப்படி. எஸ்தரின் கால் வேகமாக வரும், வேகமாகப் போகும். தியோடரின் கால் நிதானமாக, எடை முழுவதையும் ஊன்றி நடக்கும். ஆனால் ஆறு மாதமாக அவருடைய இடது செருப்பு தரையில் இழுபட ஆரம்பித்திருந்தது. இடது கால் வந்து விழும்போது கல்லை வைத்ததுபோல் இருந்தது. தரையைத் தொட்டுவிட்டோம் என்பது அந்தக் காலுக்கே தெரியாததுபோல இருந்தது.

"இந்த மனிதருக்கு என்னவோ ஆகிறது" என்றது பலகை.

"உனக்கு எல்லாரிடமும் ஒரு குறை" என்றது ஆறாவது பலகை.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, கையில் காப்பியோடு ஜன்னல் பக்கம் போன தியோடர், ஏழாவது பலகைக்கு நேர் மேலே விழுந்தார். டம்ளர் உருண்டு சுவரில் முட்டியது. எஸ்தர் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? எப்படி விழுந்தீங்க?"

வலியில் அவர் முகம் வெளுத்திருந்தது. ஒரு கணம் யோசித்தார். பிறகு சொன்னார்:

"பலகை தடுக்கிடுச்சு, எஸ்தர்."

ஏழாவது பலகை திடுக்கிட்டது. மேல்பலகையும் எம்பவில்லை, அடிப்பலகையும் அசையவில்லை. தடுக்க அங்கே எதுவுமே இல்லை. அந்த இடது கால் மடங்கிப்போனது, அவ்வளவுதான்.

"நான் இல்லை!" என்று அது கத்தியது. எஸ்தரின் காதில் கிரீச் என்றுதான் விழுந்தது.

"இந்தச் சனியன் பிடிச்ச பலகைதான். கத்திக்கிட்டே இருக்கும்போதே நினைச்சேன்" என்றாள் எஸ்தர்.

தியோடருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்குத் திரும்பினாலும் பல மாதம் வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும், தரை மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எஸ்தர் அன்றைக்கே முடிவு செய்தாள். பழைய தரையைப் பெயர்த்துவிட்டு, கண்ணாடி மாதிரி ஒரு தேக்குத் தரை. மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வரும் வெள்ளிக்கிழமைக்குள் அது முடிந்தாக வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பீர்முகமது என்ற தச்சர் வந்தார். ஐம்பது வயது, ஒல்லியான மனிதர். அவர் முதலில் செய்த வேலை, தேக்குப் பலகைகளை லாரியிலிருந்து இறக்கி, நடுநடுவே குச்சி வைத்து ஜன்னலோரம் அடுக்கியது. அடுக்கிவிட்டுப் போனவர் பத்து நாள் கழித்துத்தான் வந்தார். மலைக்காற்று பழகாத மரத்தை உடனே தரையில் அடித்தால் பிறகு முறுக்கிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பத்து நாளும் தேக்குப் பலகைகளுக்கு யுகமாகக் கழிந்தது.

"இன்னும் எத்தனை நாள் இப்படி அடுக்கிலேயே கிடப்பது?" என்றது ஒன்று.

"எனக்கு வாசலுக்கு நேரே உள்ள இடம்தான் வேண்டும். வருகிறவர்கள் முதலில் என்னைத்தான் பார்க்க வேண்டும்" என்றது இன்னொன்று.

பத்தாம் நாள் பீர்முகமது பழைய மேல்பலகைகளைப் பெயர்த்து எடுத்தார். எண்பது வருஷத்துக்குப் பிறகு அடிப்பலகைகள் மேல் வெளிச்சம் விழுந்தது. ஏழாவது பலகைக்குக் கண் கூசியது. எல்லாருக்கும் தன் முகம் தெரிகிறதே என்று கூசியது. அதே நேரம், இனியாவது யாராவது குனிந்து பார்ப்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பரபரப்பு.

பீர்முகமது குனிந்துதான் பார்த்தார். துருத்திக்கொண்டிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தூசியைக் கூட்டி அள்ளினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு சுவருக்குச் சுவர் மெதுவாக நடந்தார். காலால் கேட்பதுபோல இருந்தது அவர் நடை. ஏழாவது பலகைக்கு வந்ததும் நின்றார்.

கிரீச்.

"இங்கதானா நீ" என்று சொல்லிக்கொண்டு, தன் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பலகை மேல் வைத்தார். ரசமட்டத்தின் வயிற்றுக்குள் இருந்த நீர்க்குமிழி அங்கும் இங்கும் ஓடி, நடுவில் வந்து நின்றது.

"நீ சமமாகத்தான் இருக்கிறாய்" என்றது ரசமட்டம்.

"நானும் அதைத்தான் சொல்கிறேன்!" என்றது பலகை. "நான் யாரையும் தடுக்கிவிடவில்லை. ஆனால் எனக்குக் கீழே இருக்கும் உத்திரம் செத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் அவரிடம் சொல்லேன்."

குமிழி லேசாக நடுங்கியது. "உன்மேல் வைத்தால் என் குமிழி நிலைகொள்ள மாட்டேன் என்கிறது, உண்மைதான். ஆனால் மேலே இருப்பதைச் சொல்லத்தான் எனக்குத் தெரியும். கீழே இருப்பதைச் சொல்ல எனக்கு வாய் இல்லை."

பீர்முகமது மரத்தின் ஈரம் பார்க்கும் சின்ன மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முள்ளையும் பலகையில் குத்தினார். மற்ற இடங்களில் பன்னிரண்டு காட்டிய மீட்டர் இங்கே இருபத்தாறு காட்டியது. மறுபடி குத்தினார். மறுபடி இருபத்தாறு.

எஸ்தர் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். வாசலிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து வாசலுக்கு. கையில் போன், கண் சுவர்க் கடிகாரத்தில்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"என்ன பாய்?"

"இந்தப் பக்கம் ஈரம் ஜாஸ்தியா இருக்குங்க. நாலு பலகையைத் தூக்கி அடியில என்னன்னு ஒரு பார்வை பார்த்துடலாங்க."

"தூக்கினா எத்தனை நாள் ஆகும்?"

"உள்ள இருக்கிறதைப் பொறுத்துங்க. ஒரு வாரமும் ஆகலாம்."

"ஒரு வாரமா? வெள்ளிக்கிழமை அவர் வந்து நிப்பாரு பாய். வாக்கரை இந்த ஓட்டை உடைசல்லயா ஊன்றது? ஃபேன் போட்டா ஈரம் காயாதா? அந்தச் சத்தத்தை மட்டும் முதல்ல நிறுத்துங்க. அதுதான் அவரைத் தள்ளி விட்டது."

பீர்முகமது காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். திரும்பச் செருகினார். "சரிங்க டீச்சர்" என்றார். ஆனால் அவர் கால் அந்த இடத்தை விட்டு உடனே நகரவில்லை.

ஒரு நீளமான திருகாணியை ஏழாவது பலகையின் மேல் வைத்துச் சுழற்றினார். திருகாணி பலகையைத் துளைத்துக்கொண்டு உத்திரத்துக்குள் இறங்கியது. இறங்கியதுமே உத்திரம் அதனிடம் கெஞ்ச ஆரம்பித்தது.

"தம்பி, கொஞ்சம் பிடித்த மாதிரி காட்டிக்கொள்."

"எதைப் பிடிப்பது? இங்கே மரமே இல்லையே. எல்லாம் மாவு" என்றது திருகாணி. அது சுற்றியது, சுற்றியது, எதிலும் பிடிபடாமல் சும்மா சுற்றியது.

"மெதுவாகப் பேசு. யார் காதிலாவது விழப்போகிறது."

"அண்ணே, விழட்டுமே!" என்றது பலகை. "இதைவிட நல்ல சமயம் வராது. இப்போது சொன்னால் உன்னைச் சரி செய்வார்கள்."

"சரி செய்வார்களா? வெட்டி எறிவார்கள்" என்றது உத்திரம். அதன் குரலில் முதல் முறையாகக் கனம் இல்லை. "எண்பது வருஷம் இந்த வீட்டை நான் தாங்கியிருக்கிறேன். ஒரு பிரசவம், இரண்டு சாவு, எத்தனையோ கிறிஸ்துமஸ். எல்லாம் என்மேல்தான் நடந்தது. முடியவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? முடியவில்லை என்றால் பிறகு நான் யார்?"



ஜன்னலோரத்திலிருந்து தேக்குப் பலகைகள் குரல் கொடுத்தன. "நீ எதற்கு இப்படிக் கிடந்து தவிக்கிறாய்? நாங்கள் வந்து உன்மேல் படுத்துவிட்டால் உனக்கு வெயில் இல்லை, மிதி இல்லை. அறுபது வருஷம் நிம்மதியாகத் தூங்கலாம். வாயை மட்டும் மூடிக்கொள்."

தூங்கலாம் என்ற சொல் ஏழாவது பலகையை எதுவோ செய்தது. அது தூங்கி நாலு வருஷம் ஆகிறது.

திருகாணி பிடிக்கவில்லை என்றதும் பீர்முகமது வேறு வழி பார்த்தார். ஏழாவது பலகையை ஆறாவதோடும் எட்டாவதோடும் சேர்த்து ஒரு பட்டையால் இறுக்கினார். இடுக்கில் ஓர் ஆப்பை அடித்தார். பக்கத்து உத்திரங்களில் போய்ப் பிடிக்கும்படி நுனிகளில் நாலு திருகாணி முடுக்கினார். பிறகு எழுந்து மிதித்துப் பார்த்தார். சத்தம் இல்லை.

எஸ்தர் வந்து மிதித்தாள். இரண்டு தரம், மூன்று தரம். சத்தம் இல்லை. "அப்பாடா! பாய், உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடணும்."

பீர்முகமது சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் கருவிகளைப் பைக்குள் வைக்கும்போது, அந்த மீட்டரை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

மறுநாள் காலை அவர் ஈரம் தடுக்கும் தார்க்காகிதச் சுருளோடு வந்தார். அதை விரித்துவிட்டு, அதன்மேல் தேக்குப் பலகைகளை அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஏழாவது பலகை அசைய முடியாமல் கிடந்தது. பக்கத்துப் பலகைகள் அதைப் பாராட்டின. உத்திரம் நன்றி சொன்னது. இதுதான் நிம்மதி என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் பலகைக்கு உள்ளே எறும்பு ஊர்வதுபோல இருந்தது. முன்பாவது கத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஓய்ந்து கிடந்தது. இப்போது கத்தவும் வழியில்லை, ஓயவும் முடியவில்லை. அடியில் உத்திரம் துளித்துளியாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துகளும் மண்ணில் விழும் சத்தம் அதற்குக் கேட்டது.

பத்து மணி சுமாருக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. எஸ்தர் எட்டிப் பார்த்து, "ஐயோ, இன்னைக்கேவா!" என்றாள்.

தியோடர்தான். இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைவரை எஸ்தரின் தங்கை வீட்டில் இருக்கட்டும் என்று தங்கையின் கணவர் காரில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். வழியில் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று தியோடர்தான் பிடிவாதம் பிடித்திருக்கிறார்.

வாக்கரை ஊன்றி ஊன்றி அவர் நிலைவாசல்வரை வந்தார்.

"அங்கேயே நில்லுங்க. இது இன்னும் தரை இல்லை, அடிப்பலகை" என்றாள் எஸ்தர்.

"ரெண்டு எட்டு வச்சுப் பார்க்கிறேன், எஸ்தர். மூணு வாரமா ஆஸ்பத்திரி டைல்ஸ்லயே நடந்து நடந்து அலுத்துப்போச்சு."

"கால் எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்கு."

அவர் உள்ளே வந்தார். முதலாவது பலகை, இரண்டாவது, மூன்றாவது. வாக்கரின் நாலு காலும் அவருடைய எடையும் ஒன்றாக இறங்கின. ஐந்தாவது பலகையில் வாக்கர் ஊன்றியபோதே ஏழாவது பலகைக்குத் தெரிந்துவிட்டது. அடியில் உத்திரம் ஒரு நூல் அளவு கீழே இறங்கியது.

"அண்ணே!"

"பொறு. தாங்கிவிடுவேன்" என்றது உத்திரம். அதன் குரல் மாவு உதிர்வதுபோல உதிர்ந்தது.

"முடியாது அண்ணே. இன்னும் இரண்டு எட்டு. அவர் நடுவுக்கு வந்துவிட்டால் நீ முறிந்துவிடுவாய். இடுப்பில் கம்பி வைத்த மனிதர். இந்த முறை எழுந்திருக்க மாட்டார்."

"எண்பது வருஷமாகத் தாங்கியவன் நான்..."

இழுபடும் இடது செருப்பு ஆறாவது பலகைக்கு வந்தது. வாக்கரின் முன்கால்கள் ஏழாவது பலகை மேல் இறங்கின.

பலகை கத்திப் பார்த்தது. பட்டை இறுக்கியிருந்தது, குரல் வரவில்லை. அதனிடம் மிச்சம் இருந்தது அதன் உடம்பு மட்டும்தான். விரிசல் விட்ட பலகையை யாரும் தரையில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது அதற்குத் தெரியும். தேக்கு சொன்ன அந்த அறுபது வருஷத் தூக்கம் இனி இல்லை என்பதும் தெரியும்.

நாலு திருகாணிகளையும் எதிர்த்து அது தன்னை முறுக்கிக்கொண்டது.

படார்!

துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். பலகை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தது. தியோடர் அதிர்ந்துபோய் அப்படியே நின்றார். பீர்முகமது தார்க்காகிதத்தைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் வந்து, அவரை இரு தோளிலும் பிடித்துப் பின்னால் இழுத்து நிலைவாசலில் நிறுத்தினார்.

"அசையாதீங்க சார். யாரும் உள்ளே வராதீங்க."

பிறகு அவர் மண்டியிட்டு, பிளந்த பலகையைக் கடப்பாரையால் நெம்பினார். வெளிச்சம் உத்திரத்தின் மேல் விழுந்தது. அவர் கடப்பாரையின் முனையை அதன்மேல் லேசாக வைத்தார். தட்டக்கூட இல்லை. முனை தானாகவே உள்ளே போயிற்று.

"புட்டு மாதிரி இருக்கு டீச்சர்" என்றார் பீர்முகமது. "நேத்தே தூக்கிப் பார்த்திருக்கணும். மீட்டர் சொல்லிச்சு. நான்தான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துட்டேன்."

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க சொல்லத்தான் செஞ்சீங்க பாய். நான்தான்..."

உத்திரம் கண்ணை மூடிக்கொண்டது. அவ்வளவு வெளிச்சத்தில் அது யாரையும் பார்க்க விரும்பவில்லை.

பீர்முகமது வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தார். தோட்டத்துப் பக்கம், கல் அடித்தளத்தில், தரைக்கு அடியில் காற்று போய்வர வைத்திருந்த நாலு துளைகளும் அடைபட்டிருந்தன. சாக்கைத் திணித்து, மேலே சிமென்ட் பூசியிருந்தது.

"இதை யாருங்க அடைச்சது? மூச்சு விட வழியில்லாம பண்ணிட்டாங்களே. ஈரமெல்லாம் உள்ளேயே நின்னுபோச்சு."

நிலைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தியோடர் மெல்லச் சொன்னார். "நான்தான். நாலு வருஷம் ஆச்சு. தரையிலிருந்து குளிர் ஏறுது, கால் விறைக்குதுன்னு எஸ்தர் சொல்லிட்டே இருந்தா. அவ ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப நானே கலவை போட்டு அடைச்சேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீயாக் கேட்கட்டும்னு இருந்தேன். குளிர் குறைஞ்சுடுச்சேன்னு நீ சொன்னே. அதுவே போதும்னு விட்டுட்டேன்."

எஸ்தரின் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் பிளந்து கிடந்த பலகையின் மேல் திரும்பியது. "எல்லாத்துக்கும் இதுதான் காரணம். அன்னைக்கும் இதுதானே உங்களைத் தடுக்கி விட்டது?"

தியோடர் பலகையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தன் இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அது தடுக்கலை எஸ்தர்."

"என்ன?"

"கால்தான். ஆறு மாசமா மரத்துப்போகுது. செருப்பு கழண்டு விழுந்தாக்கூட தெரியறதில்லை. அன்னைக்கும் அப்படித்தான், கால் எங்கே இருக்குன்னே தெரியலை."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"பலகை தடுக்கிச்சுன்னுதான் சொன்னேன்."

எஸ்தர் வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடப்பதை மறந்து, இருந்த இடத்திலேயே கீழே உட்கார்ந்தாள். கண்ணாடி மாதிரி தரை போட்டிருந்தாலும் இவர் மறுபடி விழுந்திருப்பார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏங்க சொல்லலை?"

"நான் விழுந்தா நீ என்ன பண்ணுவேன்னு நினைச்சேன்."

"சொல்லாமயே விழுந்துட்டீங்களே" என்றாள் எஸ்தர்.

அந்த வாரமே அவரை வேறொரு மருத்துவரிடம் கூட்டிப்போனாள். சர்க்கரை ஏறி நரம்பைப் பாதித்திருந்தது. இன்னும் ஓர் ஆறு மாதம் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் மருத்துவர். மாத்திரையும் காலுக்குப் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் வேலை ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் நடந்தது. பீர்முகமது தன் மச்சானைக் கூட்டிவந்து உளுத்த உத்திரத்தை வெளியே எடுத்தார். எடுக்கும்போதே அது நாலு துண்டாக உடைந்தது. பிளந்த பலகையையும் அதன் பக்கத்தில், தோட்டத்து வெயிலில் போட்டார்கள்.



"என்மேல் கோபமா அண்ணே?" என்று பலகை கேட்டது.

"இருந்தது" என்றது உத்திரம். "வெளியே தூக்கிப்போட்டபோது அவமானத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் இப்போது ஒன்று தெரிகிறது. என் மேல் எதுவும் இல்லை. எண்பது வருஷத்தில் முதல் முறையாக என் மேல் எதுவும் இல்லை. இது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது."

மறுநாள் உத்திரத்தின் துண்டுகளை ரோஜாச் செடிகளின் அடியில் போட்டு மண்ணால் மூடினார்கள். அது முணுமுணுக்காமல் மண்ணோடு சேர்ந்தது.

பலகையின் ஒரு பாதி இன்னும் கெட்டியாக இருந்தது. பீர்முகமது அதை அறுத்து நாலு சின்னச் சட்டங்கள் செய்தார். அடைப்பு நீக்கிய காற்றுத் துளைகளுக்கு மரநாய் நுழையாமல் கம்பிவலை அடிக்க வேண்டியிருந்தது. அந்த வலையைத் தாங்க அவை சரியாக அமைந்தன. இப்போது அதன் வழியாக மலைக்காற்று ஓயாமல் உள்ளே போயிற்று, ஓயாமல் வெளியே வந்தது. அந்தப் பலகைக்குத் தூக்கம் கிடைக்கவில்லை. ஆனால் தூக்கம் கெட்டுப்போனது என்று அது வருந்தவும் இல்லை.

ஈரம் எல்லா இடத்திலும் பன்னிரண்டுக்கு இறங்கிய பிறகுதான் பீர்முகமது தார்க்காகிதத்தை விரித்தார். அதற்குள் தேக்குப் பலகைகளின் அவசரம் எல்லாம் அடங்கியிருந்தது. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடித்து முடித்த அன்று, எஸ்தர் தியோடரைக் கூட்டிவந்தாள்.

அவர் வாக்கரோடு அறையின் நடுவரை நடந்தார். அங்கே நின்றார். "எஸ்தர், இடது கால் தெரியலை. கொஞ்சம் பிடி" என்றார். அவள் வந்து அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். இருவருமாக மீதி அறையைக் கடந்தார்கள்.

தரைக்குக் கீழே, பழைய உத்திரங்களுக்கு நடுவில் புதிதாக வந்திருந்த உத்திரத்தின் மேல் அந்த இரண்டு பேரின் எடையும் சேர்ந்து இறங்கியது. அது சின்ன வயசு மரம். அந்த வீட்டின் வழக்கம் அதற்குத் தெரியாது.

"கனக்கிறது" என்று அது வாய்விட்டுச் சொன்னது.

பழைய உத்திரங்கள் திகைத்துப்போயின. அந்த இருட்டில் அப்படி ஒரு சொல்லை யாரும் சொன்னதே இல்லை. காற்று ஒரு தரம் உள்ளே வந்து போயிற்று. யாரும் அதை அதட்டவில்லை.

பிறகு, இடது பக்கம் இருந்த பழைய உத்திரம் மெதுவாகச் சொன்னது:

"எனக்கும்தான்."